சத்தியமா பார்க்கலைங்க

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எனக்குக் கன்னங்குறிச்சி. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிக்கிறேன். போன மாதம் ஆறாவது வளைவைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த காரின் இடது பக்கக் கண்ணாடி என் வலது முழங்கையில் தட்டியது. தடுப்புச் சுவர் ஓரமாக விழுந்ததில் தோள்பட்டையின் காறை எலும்பு முறிந்துவிட்டது. ஓட்டி வந்தவர் ஓடிவிடவில்லை. அவரே தூக்கி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், முதல் நாள் செலவையும் கட்டினார். "சத்தியமா பார்க்கலைங்க தம்பி, மேப் போட்டிருந்தேன், ஒரு மெசேஜ் வந்துச்சு, ஒரு செகண்டுதான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. 'நல்ல மனுஷன், தெரியாம நடந்தது, விட்டுடு' என்கிறார்கள் வீட்டில். எனக்கு மட்டும் ஆறவில்லை. என் கோபம் தப்பா? இன்னொன்று, சைக்கிளை விற்றுவிடச் சொல்கிறாள் மனைவி. என்ன செய்யட்டும்?

ச., சேலம்

அன்புள்ள தம்பி,

முதலில் தோளைப் பாருங்கள். டாக்டர் சொல்லும்வரை ஹேண்டில்பாரைத் தொடாதீர்கள்.

கோபம் தப்பில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும், உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்கு நானும் அவருக்குக் கும்பிடு போடுகிறேன். அதற்காக நடந்தது 'தெரியாம நடந்தது' ஆகிவிடாது.

அவர் பார்க்கவில்லை என்று சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். நம் ஊரில் 'பார்க்கலைங்க' என்பது ஒரு சமாதானம், ஆட்டை இடித்தாலும் ஆளை இடித்தாலும் அதைச் சொன்ன உடனே கூடி நிற்பவர்களில் பாதிப் பேர் 'சரி விடுங்கப்பா' என்று கிளம்பிவிடுவார்கள். வண்டி ஓட்டுகிறவனுக்கு இருக்கிற முதல் வேலையே ரோட்டைப் பார்ப்பதுதானே? அந்த வேலையைச் செய்யவில்லை என்று ஒருவர் தன் வாயாலேயே சொல்கிறார், நாம் அதைக் கேட்டுவிட்டு அவரைத் தேற்றுகிறோம். பனியில், இருட்டில், வளைவு மறைத்துக் கண்ணுக்குப் படாமல் போவது வேறு. கண்ணை வேறு பக்கம் கொண்டுபோய் வைத்ததால் படாமல் போவது வேறு. இரண்டுக்கும் 'பார்க்கலை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு புழங்குகிறோம்.

அப்புறம் அந்த 'ஒரு செகண்டு'. மெசேஜ் வந்ததும் கண் திரைக்குப் போக வேண்டும், எழுத்தைப் படிக்க வேண்டும், யார் அனுப்பியது என்று மனசில் ஏற வேண்டும், பிறகு கண் ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். சுலபமாக மூன்று செகண்டு ஆகிவிடும். நீங்கள் ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டரில் மிதித்துக்கொண்டிருந்தீர்கள், அவர் 40-ல் வந்தார் என்றே வைத்துக்கொள்வோம். செகண்டுக்கு எட்டு மீட்டருக்கு மேல் உங்களை நெருங்கிக்கொண்டிருக்கிறார். மூன்று செகண்டில் 25 மீட்டர். இரண்டு டவுன் பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் தூரம், அதையும் கொண்டை ஊசி வளைவில், கண்ணைக் கட்டிக்கொண்டு உங்களை நெருங்கியது போலத்தான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன்பு அயோத்தியாப்பட்டணத்திலிருந்து அம்மாபேட்டைக்குக் காரில் வந்துகொண்டிருந்தேன். சாயங்கால நேரம். ஸ்டாண்டில் இருந்த போன் ஒளிர்ந்தது, பார்த்தேன். தலையை நிமிர்த்தியபோது பானெட்டுக்கு முன்னால் ஒரு சைக்கிள். இரண்டு காலாலும் மிதித்த பிரேக்கில் வண்டி நின்றபோது நடுவில் ஒரு முழம்தான் இருந்திருக்கும். ஓட்டிக்கொண்டிருந்தவர் பெரியவர், நெசவுக்காரராக இருக்க வேண்டும். காரியரில் வெள்ளைத் துணி சுற்றிய மூட்டையை டியூப் ரப்பரால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்ததால் வெடித்த குதிகால்கள் தெரிந்தன, வலது, இடது, வலது, இடது என்று ஏறி இறங்கின. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டார். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்த மெசேஜ் என்ன தெரியுமா தம்பி? உங்கள் ரீசார்ஜ் நாளையோடு முடிகிறது.

காதில் புளூடூத் மாட்டியிருக்கிறேன், கை ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் 2001-லேயே இதைச் சோதித்து எழுதிவிட்டார். கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும், பேசுகிறவர்கள் சிக்னலைத் தவறவிடுவது ஒரே மாதிரிதான் கூடியது. போன் பேசிக்கொண்டு ஓட்டுகிறவர் விபத்தில் மாட்டுவதற்கான வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச்சில் மனசு போய்விட்டால் கண் திறந்திருந்தும் பிரயோஜனமில்லை. அதிலும் லாரி, பஸ் என்றால் எப்படியாவது கண்ணை இழுத்துவிடும். சைக்கிளுக்கு அகலமும் கம்மி, சத்தமும் கிடையாது, உங்கள் பெல் ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றியவருக்குக் கேட்கவே கேட்காது. அரைகுறைக் கவனத்தில் முதலில் விட்டுப்போவது நாம்தான்.

அந்த மேப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத விதத்தில் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020-ல் விதியில் சேர்த்தார்கள். ஆனால் வழி காட்டும் அதே திரையில்தான் மெசேஜும் வந்து விழுகிறது. அடிவாரம் தாண்டிவிட்டால் ஏற்காட்டுக்கு ஒரே ரோடு, 20 வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். வழி தப்ப எங்கே இடம் இருக்கிறது? மேலே ஏறுகிற ஒவ்வொருவரும் அடிவாரத்தில் டீ குடிக்கும்போதே போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிடலாம். இதைச் சோதனைச் சாவடியில் ஒரு போர்டாக வைத்தால்கூடப் போதும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மலையில் சைக்கிள் நேர்கோட்டில் போகாது என்பதும் காரில் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை. சீட்டைவிட்டு எழுந்து மிதிக்கும்போது வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஓரத்தில் ஜல்லி கிடந்தால் வலது பக்கம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். குரங்குக்கு பிஸ்கட் போட வளைவிலேயே நிறுத்தி, பின்னால் பார்க்காமல் கதவைத் திறக்கிறார்கள் பாருங்கள், அதுவும் இதே நோய்தான். நெதர்லாந்தில் கதவுக்குத் தூரமாக இருக்கிற கையால் கதவைத் திறக்கப் பழக்குகிறார்கள். நம் ஊர் டிரைவர் சீட் என்றால் இடது கை. அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். காசு செலவில்லை. இன்றைக்கே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கேஸ் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஓட்டும்போது கையில் போனைப் பிடித்துப் பயன்படுத்துவதை மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு அபாயகரமாக ஓட்டுவதாகவே எழுதி வைத்திருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்தது. முதல் முறைக்கே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் போன் ஸ்டாண்டில் இருந்திருந்தால் அது அந்த வார்த்தைக்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நடந்ததைப் போலீஸில் பதிவு செய்வது பழிவாங்குவது ஆகாது என்பதே என் எண்ணம். வைத்தியச் செலவுக்கு இன்சூரன்ஸ் கேட்பதென்றாலும் அந்தத் தாள் வேண்டியிருக்கும்.

சைக்கிளை விற்காதீர்கள். தங்கச்சியின் பயம் நியாயமான பயம், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும், ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டுங்கள், டூரிஸ்ட் வண்டிகள் ஏறத் தொடங்கும் முன் மேலே போய்ச் சேர்ந்துவிடுங்கள், முடிந்தால் ஞாயிறை விட்டு வேறு நாள். இவ்வளவையும் சொல்லும்போதே எனக்கு மனசு உறுத்துகிறது. ஹெல்மெட்டும் விளக்கும் வாங்க வசதியுள்ள நீங்களும் நானும் சைக்கிள்காரர்களில் கொஞ்சப் பேர்தான். அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் விட்டு வாழப்பாடி ரோட்டிலும் ஓமலூர் ரோட்டிலும் வரிசையாக வருகிற பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு, அந்த மூட்டை கட்டிய பெரியவருக்கு, எந்தக் கண்ணாடியை மாட்டச் சொல்வது? பார்க்க வேண்டியது காரில் இருக்கிறவர்தான்.

நான் இப்போது ஒன்று செய்கிறேன். யாருக்காவது போன் போட்டு, அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டால், 'ஓரம் கட்டிட்டுக் கூப்பிடுப்பா' என்று உடனே வைத்துவிடுவேன். முதலில் என் மகளுக்கே கோபம் வந்தது, இப்போது அவளும் அப்படித்தான் செய்கிறாள்.

அவர் மூன்றாவது முறை கூப்பிட்டால் எடுங்கள். திட்ட வேண்டாம், 'பரவாயில்லைங்க' என்றும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு வந்த மெசேஜில் என்ன இருந்தது என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.

அன்புடன்,
அண்ணன்