உளியைக் குத்தாதீர்கள், சாய்த்து வையுங்கள்

கேள்வி: ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக இரும்பு லேத் ஓட்டுகிறேன். வீட்டுக் கொட்டகையில் பழைய மரக்கடைசல் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானாகவே கற்றுக்கொண்டிருக்கிறேன். சாய்வு உளி வழுவழுவென்று சீவிக்கொண்டு போகும்போதே திடீரென்று கொத்தி, கட்டை முழுக்க போல்ட்டில் மறை வெட்டியதுபோல் சுற்றிச் சுற்றிப் பள்ளம் விழுந்துவிடுகிறது. இரும்பையே வெட்டிய கைக்கு மரம் ஏன் அடங்க மாட்டேன் என்கிறது அண்ணா?
- வாசகர், ராயக்கோட்டை

பதில்: அந்த ஆறு வருடப் பழக்கம்தான் தம்பி காரணம். இரும்பு லேத்தில் டூலை டூல் போஸ்டில் இறுக்கிவிட்டு நீங்கள் கைப்பிடியைத்தான் சுற்றுகிறீர்கள், டூல் நேராகப் போய் முட்டினாலும் அதைத் தாங்க அவ்வளவு கனமான இரும்பு பின்னால் இருக்கிறது. மரக்கடைசலில் உளியைத் தாங்குவது உங்கள் கை மட்டும் இல்லை, சுற்றிக்கொண்டிருக்கும் அந்த மரமே தாங்க வேண்டும். உளியின் கூருக்குப் பின்னால் சாணை பிடித்த சரிவு இருக்கிறதே, அது எப்போதும் மரத்தில் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சரிவு மரத்தை விட்டு விலகிய நொடியில் கூர் அந்தரத்தில் நிற்கிறது, மரம் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. உங்களுக்கு விழும் மறை அதுதான்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் உளி டூல் ரெஸ்டில், அதாவது கட்டைக்கு முன்னால் உளியைத் தாங்கும் இரும்புத் தாங்கியில், படிய வேண்டும். அப்புறம் சரிவின் அடிப்பகுதியை மட்டும் மரத்தின் மேல் வையுங்கள், இந்த இடத்தில் எதுவும் வெட்டக்கூடாது, சும்மா உரசும் சத்தம் மட்டும்தான் வரும். பிறகு கைப்பிடியை மெல்ல மெல்லத் தூக்குங்கள். ஒரு கட்டத்தில் உரசல் சத்தம் மாறி, 'சர்ர்' என்று நீளமான சுருள் எழுந்து வரும். பச்சைக் கட்டையாக இருந்தால் அந்தச் சுருள் ஈரமாக மணிக்கட்டில் வந்து விழும். தூளாகக் கொட்டினால் நீங்கள் சீவவில்லை, சுரண்டுகிறீர்கள். சாய்வு உளியில் இன்னொரு விஷயம், விளிம்பின் கீழ்ப்பாதியில்தான் சீவ வேண்டும், மேலே நிற்கும் நீண்ட முனை மரத்தைத் தொட்டால் எவ்வளவு தேர்ந்த கையானாலும் கொத்தும்.

எந்தப் பக்கம் சீவுவது என்பதற்கு ஒரு விளக்குமாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டையும் அதுபோல ஈர்க்குகளை நெருக்கிக் கட்டிய கட்டுதான். பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடம் நோக்கிச் சீவினால் ஒவ்வொரு ஈர்க்குக்கும் அடியில் இன்னொன்று தாங்கலாக இருக்கும். எதிர்த்துப் போனால் ஈர்க்கு நுனி எழும்பிப் பிய்ந்து வரும்.

பழகுவதற்குத் தேக்கு வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். வேலியில் கழித்த வேம்பு, மாங்கிளை எது கிடைத்தாலும் பச்சையாகவே மாட்டுங்கள், பச்சை மரம் உளிக்கு இசைந்து கொடுக்கும். டூல் ரெஸ்டுக்கும் கட்டைக்கும் 3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு, ஸ்விட்ச் போடுமுன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். என் முதல் வருடத்தில் இதைச் செய்யாமல் விட்ட ஒரு வேப்பங்கட்டை கழன்று பறந்து தகரக் கூரையில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து முகத்தை முழுக்க மறைக்கும் கவசம் இல்லாமல் மெஷினை ஓட்டியதே இல்லை. கையுறை, லுங்கி, தொங்கும் துண்டு எதுவும் வேண்டாம், சுற்றும் கட்டை துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

பழைய அரத்தைச் சாணை பிடித்து உளியாக்கு என்று யாராவது சொல்வார்கள், செய்யாதீர்கள். அரம் கடினமானது, ஆனால் கண்ணாடிபோலப் பட்டென்று ஒடியும்.

ஊரில் கட்டில் கால் கடைசல் பிடிக்கிற பட்டறை இருந்தால் கேட்டுக்கொண்டு அரை நாள் போய் உட்காருங்கள். கடைசல்காரர் கையைப் பார்க்காதீர்கள், காலையும் இடுப்பையும் பாருங்கள். உளி கட்டையோரம் நகரும்போது கை தனியாக நகராது, உடம்பு மொத்தமும் சாய்ந்து கூடவே போகும். எனக்கு அது புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

கேள்வி: தோப்பில் பட்டுப்போன மாமரத்தை வெட்டினோம். அதில் என் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு கிண்ணம் கடைந்தார். அழகாக வந்தது, நாலே நாளில் விளிம்பிலிருந்து அடிவரை வெடித்துவிட்டது. மாமரம் கடைசலுக்கு ஆகாதா?
- வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: நன்றாகவே ஆகும் அம்மா, மாந்தோப்பு நிறைந்த ஊரில் இருந்துகொண்டு அதை விட்டுவிடாதீர்கள். மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அந்த இழுபறியில்தான் வெடிக்கிறது. மரத்தின் நட்டநடுவில் ஓடும் மென்மையான நடுச்சோறு கிண்ணத்துக்குள் இருந்தால் வெடிப்பு அங்கேயே தொடங்கும். அதனால் உருளையை நடுவில் பிளந்து சோற்றை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள், வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ மிச்சமிருக்கும் பெயின்ட்டோ பூசிவிட வேண்டும்.

கிண்ணத்தை இரண்டு தடவையாகக் கடைய வேண்டும். முதலில் கனமாக, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் இருக்கும்படி. 8 அங்குலக் கிண்ணம் என்றால் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதைச் சீவல்களோடு காகிதப் பையில் போட்டு, வெயிலும் ஃபேன் காற்றும் படாத மூலையில் வைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பையின் மேலேயே எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது, சில மாதம் பிடிக்கும். அதற்குள் அது முட்டை வடிவமாகக் கோணியிருக்கும், இரண்டாம் தடவை கடையும்போது வட்டமாகிவிடும்.

அவர் நீளக் கட்டையை உருட்டுகிற பெரிய குழி உளியைக் கிண்ணத்துக்கும் பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள். பயன்படுத்தினால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கைப்பிடிக்குள் போகும் அதன் வால் மெல்லிய தகடு, கிண்ணத்தில் கொத்தினால் கைப்பிடி ஓரத்தில் ஒடிந்துவிடும். கிண்ணத்துக்கென்றே கம்பிபோல முழுத் தண்டில் செய்த உளி இருக்கிறது. வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் நிற்க வேண்டும். 8 அங்குலத்துக்கு 750 முதல் 1100 சுற்று வரை. கட்டை கோணலாக இருக்கும்வரை அதையும் குறைத்துத்தான்.

கேள்வி: கர்நாடகத்துச் சென்னப்பட்டண மரப் பொம்மைக்கு அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது? பெயின்ட்டா?
- வாசகர், தர்மபுரி

பதில்: பெயின்ட் இல்லை, அரக்கு. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தின் மேல் அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகிப் படியும். அதன் மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் சமமாகப் பரவிப் பளபளக்கும், பிரஷ்ஷே தேவையில்லை. அங்கே கன்னடத்தில் ஆலெ மரம் என்பது நம் வெட்பாலைதான், கீறினால் பால் வருமே, அதுவே. வெளிறிய மரம் என்பதால் அரக்கின் நிறம் அப்படியே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு போய் மைசூர் சாலையைப் பிடித்தால் சென்னப்பட்டணம். முதல் முயற்சிக்குப் பம்பரம் போதும், அரக்கைச் சிறு துண்டாக எடுத்து மெதுவாக அழுத்துங்கள், ஒரே இடத்தில் நின்றால் கருகும்.