இரண்டாவது நாய்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தைப் பல ஆண்டுகளாகத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டு வருகிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் வசிக்கிறேன். ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயால் முப்பது வயதுக்குள் என் பார்வை முற்றிலும் போயிற்று. அதன்பின் ஹேசல் என்ற கறுப்பு லாப்ரடார் நாய் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் எனக்கு வழிகாட்டியாக இருந்தாள். சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலையில் சேணத்தை மாட்டப் போனபோது அவள் எழுந்திருக்கவில்லை. மண்ணீரலில் இருந்த புற்றுக்கட்டி உடைந்து உள்ளே இரத்தம் கசிந்திருந்தது. மாலைக்குள் போய்விட்டாள். முந்தைய நாள்கூட என்னை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றவள்.

இப்போது மீண்டும் வெண்கோலோடு நடக்கிறேன். எங்கள் தெருவில் இத்தனை குப்பைத்தொட்டிகளும் கம்பங்களும் இருப்பது இத்தனை காலமும் எனக்குத் தெரியவே தெரியாது. அவற்றையெல்லாம் சுற்றி அவள் என்னை அழைத்துப் போயிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் கோல் தட்டும்போது அழுகை வருகிறது.

பயிற்சிப் பள்ளியிலிருந்து அழைத்து, பொருத்தமான நாய் ஒன்று கிடைக்கக்கூடும், அடுத்த வகுப்பில் சேர விருப்பமா என்று கேட்கிறார்கள். மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். மதுரையில் இருக்கும் அம்மா, "நாய்தானே, ஒன்று போனால் இன்னொன்று" என்கிறார். கணவர் அவசரம் வேண்டாம் என்கிறார். எனக்கோ, சரி என்றால் ஹேசலுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. வேண்டாம் என்றால் வீட்டுக்குள் முடங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வரப்போவது ஹேசலைப் போல இல்லாவிட்டால் என்ன செய்வது? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர.
(பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் குப்பைத்தொட்டிகளைப் பற்றிய வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வெண்கோலால் நடப்பவர் ஒரு பொருளைத் தட்டித்தான் அது அங்கே இருப்பதை அறிகிறார். நாயோடு நடப்பவர் அது இருந்ததை அறியாமலேயே கடந்து போகிறார். ஆகவே உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு இழப்புகள். ஒன்று, உயிருக்குயிராகப் பழகிய ஒரு ஜீவனின் மரணம். மற்றொன்று, எட்டு ஆண்டுகளாக உங்கள் உடல் பழகிப்போன ஒரு நடை, அதன் வேகம், தெருவைப் பற்றிய அச்சமின்மை ஆகியவை ஒரே நாளில் பறிபோனது. உங்களுக்கு ஆறுதல் சொல்பவர்கள் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். வீட்டில் நாய் வளர்த்து இழந்தவர்களுக்கு இரண்டாவது இழப்பு நேர்வதில்லை என்பதால் அது அவர்கள் நினைவுக்கே வராது. நீங்கள் தடுமாறுவதும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால்தான். துக்கம் காத்திருக்கச் சொல்கிறது. நடக்க வேண்டிய தேவை காத்திருக்க மறுக்கிறது.

இந்தத் தளத்தின் பிற வாசகர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். வழிகாட்டி நாய் வழியை அறிந்து அழைத்துச் செல்வதாகவும், போக்குவரத்து விளக்கின் நிறம் பார்த்துச் சாலையைக் கடப்பதாகவும் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் வழி தெரிந்திருக்க வேண்டியவர் மனிதர்தான். எந்தத் திருப்பத்தில் திரும்புவது, வாகன ஓசையை வைத்து எப்போது கடப்பது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். தடைகளைச் சுற்றிச் செல்வது, படிக்கட்டிலும் நடைபாதை விளிம்பிலும் நிற்பது, ஆபத்து இருந்தால் கட்டளையை மீறி நகர மறுப்பது ஆகியவை நாயின் பொறுப்பு.

என் நண்பர் ஒருவர் அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கிறார். இப்போது அவரிடம் இருப்பது மூன்றாவது வழிகாட்டி நாய். அவருடன் தங்கியிருந்த நாட்களில் பின்னால் நடந்தபடி இதைக் கவனித்திருக்கிறேன். தெருமுனையில் நாய் முன்கால்களை விளிம்பில் வைத்து நின்றது. அவர் பாதத்தை மெல்ல முன்னால் நகர்த்தி விளிம்பைத் தொட்டறிந்து நாயைப் பாராட்டினார். பக்கத்தில் வாகனங்கள் கிளம்பும் ஓசை வந்ததும் "ஃபார்வர்ட்" என்றார். நாய் அசையவில்லை. மறுகணம் வலப்பக்கத்திலிருந்து மின்சாரக் கார் ஒன்று சத்தமே இல்லாமல் திரும்பிப் போனது. அவருக்குக் காரின் ஓசை கேட்கவில்லை. சேணத்தின் கைப்பிடி அசையாமல் இருந்ததிலிருந்து தெரிந்துகொண்டார். அப்படி ஒரு மறுப்பை நம்பி நிற்பதற்கு எவ்வளவு காலம் ஒன்றாக நடந்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பெரிய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வழிகாட்டி நாய் வைத்திருப்பவர்களிடையே இரண்டாவது நாய்தான் மிகக் கடினமானது என்ற பேச்சு உண்டு. என் நண்பரும் அதையே சொன்னார். முதல் நாய் வந்தபோது அவர் வெண்கோலிலிருந்து நாய்க்கு மாறினார். கிடைத்ததெல்லாம் லாபமாக இருந்தது. நாய்க்கும் ஒன்றும் தெரியாது, அவருக்கும் ஒன்றும் தெரியாது, இருவரும் சேர்ந்து தவறு செய்தார்கள். இரண்டாவது நாய் வந்தபோது அவர் கைதேர்ந்தவராகிவிட்டார், நாய் மட்டும் புதியது. "முதல் நாயின் கடைசி ஆண்டையும் இரண்டாவது நாயின் முதல் வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கில் எந்த நாய்தான் ஜெயிக்கும்?" என்றார். ஆறு மாதங்கள் வரை அதைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசித்திருக்கிறார். பழைய நாயின் பெயரால் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாராம்; அந்த நாயோ அதையும் தன் பெயராகவே எடுத்துக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்குமாம்.

ஆகவே, வரப்போவது ஹேசலைப் போல இருக்காது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டுவிடுங்கள். எந்த ஹேசலைப் போல என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து வந்த முதல் மாதத்து ஹேசல் அணிலைக் கண்டு இழுத்ததும், தவறான கதவின் முன்னால் கொண்டு நிறுத்தியதும், நீங்கள் ஒரு குளியலறையில் போய் அழுததும் நடந்திருக்கக்கூடும். நினைவு அவற்றை அழித்துவிட்டு, நீங்கள் வாய் திறக்கும் முன்னரே புரிந்துகொண்ட கடைசிக்கால ஹேசலை மட்டும் வைத்திருக்கிறது. அந்தப் புரிதலைப் பள்ளி உங்களுக்குத் தரவில்லை. நீங்கள் இருவரும் எட்டு ஆண்டுகள் நடந்து உண்டாக்கியது அது. நாயும் மனிதரும் ஓர் இணையாக அமைவதற்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆகும் என்று பயிற்சிப் பள்ளிகளே சொல்கின்றன.

அடுத்து, துரோகம் என்ற சொல். அமெரிக்காவில் இந்த வரலாறு தொடங்கிய இடத்திலேயே இரண்டாவது நாயும் இருக்கிறது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லைச் சேர்ந்த மோரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞர், போரில் கண்ணிழந்த ஜெர்மன் வீரர்களுக்கு நாய்கள் பயிற்றுவிக்கப்படுவதைப் பற்றி டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் 1927 நவம்பரில் ஒரு வார இதழில் எழுதிய கட்டுரையைப் பற்றி அறிந்து, அவருக்குக் கடிதம் எழுதினார். 1928இல் சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பயிற்சி பெற்று, பட்டி என்று தாம் பெயர் மாற்றிய ஜெர்மன் ஷெப்பர்ட் நாயோடு திரும்பினார். நியூயார்க்கில் செய்தியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நெரிசல் மிகுந்த வெஸ்ட் ஸ்ட்ரீட்டை அந்த நாயை நம்பிக் கடந்தார். மறு ஆண்டு ஜனவரியில் 'தி சீயிங் ஐ' பள்ளி தொடங்கப்பட்டது. இன்று அது நியூ ஜெர்சியின் மோரிஸ்டவுனில் இருக்கிறது. பட்டி 1938இல் இறந்தது. ஃபிராங்க் அடுத்த நாயை ஏற்றார், அதற்கும் பட்டி என்றே பெயர் வைத்தார், அதற்கடுத்து வந்தவற்றுக்கும் அதே பெயர்தான். பட்டி என்ற பெயர் அப்போது நாடறிந்த பெயராகிவிட்டிருந்ததால் அவர் செய்தது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் வந்த நாயின் கழுத்தில் முன்னால் போன நாயைக் கட்டிவிடுவது அந்த நாய்க்கு நியாயமில்லை. நல்லவேளையாக, பல பள்ளிகளில் ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களைக் குட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். பெயர் வைக்கும் சங்கடம் உங்களுக்கு வராது.

சீயிங் ஐ பள்ளியின் கட்டணத்தைப் பாருங்கள். முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொரு நாய்க்கும் 50 டாலர், முன்னாள் படைவீரர்களுக்கு 1 டாலர். ஒரு நாயை உருவாக்கப் பல்லாயிரம் டாலர் ஆகும் இக்காலத்திலும் 1930களில் வகுத்த அந்தத் தொகை மாறவில்லை. தர்மமாக வாங்கிக்கொண்டோம் என்ற எண்ணம் வரக்கூடாது என்பதற்காக வைத்த தொகை அது. ஆனால் அதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: 'அடுத்தடுத்த நாய்' என்பதற்குத் தொடக்கத்திலேயே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாய் ஒன்றரை, இரண்டு வயதில் வேலைக்கு வருகிறது, எட்டு முதல் பத்து வயதுக்குள் ஓய்வு பெறுகிறது. முப்பது வயதில் பார்வையிழந்த ஒருவர் எழுபத்தைந்து வயது வரை நடமாட வேண்டுமானால் ஐந்தாறு நாய்கள் தேவைப்படும். ஹேசல் உங்களிடம் வந்த அன்றே, அவளுக்குப் பின் ஒன்று வரும் என்பது அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது.

ஹேசலும் உங்களுக்குப் பிறந்த குழந்தை அல்லள். ஏழெட்டு வாரக் குட்டியாக ஒரு தன்னார்வக் குடும்பத்தின் வீட்டுக்குப் போயிருப்பாள். ஓராண்டுக்கு மேல் அங்கே உண்டு, உறங்கி, அந்த வீட்டுக் குழந்தைகளின் செருப்பைக் கடித்து வளர்ந்திருப்பாள். பிறகு அவர்கள் அழுதுகொண்டே அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அங்கே சில மாதங்கள் ஒரு பயிற்றுநரே அவளுக்கு எல்லாமாக இருந்திருப்பார். அவரையும் விட்டு உங்களிடம் வந்தாள். இரண்டு வயதுக்குள் மூன்று முறை தன் அன்பை இடம் மாற்றிக்கொண்டவள் அவள். அதை யாரும் துரோகம் என்று சொல்ல மாட்டார்கள். அவளை வளர்த்த குடும்பத்தார் அதற்குப்பின் வேறொரு குட்டியை எடுத்து வளர்த்திருந்தால், ஹேசலை மறந்துவிட்டார்கள் என்று நீங்கள் நினைப்பீர்களா?

உங்கள் அம்மாவின் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை செய்யும் வழிகாட்டி நாய் ஒன்றை அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. நம் ஊர் நடைபாதைகளும் தெருநாய்களும் அப்படி ஒன்றை நடக்கவிடா. நாய்தானே என்பது நம் மரபின் குரல் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் அவனருகே ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதைத் தனியாகப் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள், வேலை செய்த நாய்க்குத் துக்கம் காப்பதைப் பைத்தியக்காரத்தனமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இனி முடிவு. சரி என்று சொல்லுங்கள் என்பதே என் கருத்து. கணவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் நீங்கள் காத்திருக்கும் காலத்தில் துக்கம் குறையும் என்பதற்கு உத்தரவாதமில்லை, தன்னந்தனியாக வெளியே போகும் துணிவு குறையும் என்பதோ ஏறத்தாழ நிச்சயம். இந்த வாய்ப்பை விட்டால் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு காரணத்துக்காக மட்டும் தள்ளிப்போடச் சொல்வேன்: புதிய நாய் வந்து உங்கள் துக்கத்தை ஆற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்களானால். அது வேலைக்கு வருகிறது. அதன் முதல் மாதங்களில் ஆற்றுப்படுத்தப்பட வேண்டியது அதுதான். தான் அறிந்த அத்தனை பேரையும் விட்டு வந்திருக்கும்.

பள்ளியில் கேட்டுக்கொள்ள முடியுமானால் நிறத்திலோ உயரத்திலோ மாறுபட்ட நாயைக் கேளுங்கள். கை தானாக ஹேசலைத் தேடுவது கொஞ்சம் குறையும். ஹேசலின் கழுத்துப்பட்டையைப் பத்திரமாக வையுங்கள், புதியதற்கு மாட்டாதீர்கள். தொடக்கத்தில் உணவை நீங்களே வையுங்கள், வீட்டார் போட்டிபோட்டுக் கொஞ்ச வேண்டாம். பொருத்தம் உண்மையிலேயே அமையாவிட்டால் நாயைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் வழக்கம் பள்ளிகளுக்கு உண்டு, அதில் அவமானம் ஏதுமில்லை. ஆனால் அந்த முடிவை முதல் சில வாரங்களில் எடுக்காதீர்கள்.

வகுப்புக்கு முன் ஜூனோ நடை வைப்பார்கள் அல்லவா? நாய் இல்லாமலேயே, பயிற்றுநர் சேணத்தின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்து நடக்க, நீங்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்தொடர்வீர்கள். உங்களுக்கு எந்த வேகமும் எவ்வளவு இழுப்பும் ஒத்துவரும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அன்று ஹேசல் நடந்த வேகத்தைக் கேட்டு வாங்கப் பார்க்காதீர்கள். எட்டு ஆண்டுகளில் உங்கள் முழங்காலும், அலுவலகத்துக்குப் போகும் பாதையும் மாறியிருக்கும். இப்போது உங்களுக்கு எது வசதியோ அந்த வேகத்தில் நடந்து காட்டுங்கள், கூடுதலாக இழுத்தால் கூடுதல் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.