பாணினியின் சூத்திரத்தை மனப்பாடம் செய்தும் பொருள் புரியவில்லையே, ஏன்?

சொற்பொருள் மட்டும் பார்த்தால் புரியாது. அவருடைய சமஸ்கிருத இலக்கண நூலான அஷ்டாத்யாயியில் வேற்றுமை உருபுகளுக்குத் தனி வேலை உண்டு.

‘இகோ யண் அசி’ (6.1.77; அத்தியாயம், பாதம், சூத்திர எண்) என்பதையே பாருங்கள். இக: 6ஆம் வேற்றுமை, ‘இதன் இடத்தில்’ என்று பொருள். யண் முதல் வேற்றுமை; வந்து அமரும் எழுத்து. அசி 7ஆம் வேற்றுமை; ‘இது அடுத்து வரும்போது’. பலர் இதை ‘அச் என்பதற்குள்’ என்று படித்துத் திணறுகிறார்கள்.

இக், யண், அச் மூன்றும் சுருக்கப் பெயர்கள்; 14 மாகேசுவர சூத்திரங்கள் என்ற சமஸ்கிருத எழுத்து வரிசையிலிருந்து வருபவை. ‘அ இ உ ண், ரு லு க்’ என்பதில் இ-யில் தொடங்கி க் வரை எடுத்தால் இக்: இ, உ, ரு, லு (இங்கே ரு, லு சமஸ்கிருத உயிரெழுத்துகள்). ஒவ்வொரு சூத்திரத்தின் கடைசி மெய்யும் (ண், க்) வெறும் அடையாளம், கணக்கில் சேராது. யண் என்பது ய, வ, ர, ல. இ-க்கு ய, உ-வுக்கு வ என வரிசைப்படி ஒன்றுக்கு ஒன்று. அச் என்றால் உயிரெழுத்து எல்லாம்.

இதி + ஆதி = இத்யாதி. சு + ஆகதம் = ஸ்வாகதம். எவ்வளவு அழகான சிக்கனம்!

ஆனால் ரவி + இந்த்ர, ‘ரவ்யிந்த்ர’ ஆகாது. ஒரே இன உயிர்கள் சந்தித்தால் 6.1.101 குறுக்கிட்டு நெடிலாக்கும்: ரவீந்த்ர. விதியைப் படிக்கும்போதே அதைத் தடுக்கும் விதியையும் சேர்த்துப் படியுங்கள்.