அடைப்பு கழுத்தில், பார்வை போனது எப்படி?

பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் உங்கள் மாமாவுக்கு ஸ்ட்ரோக். அடைப்பு, கழுத்து வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கரோட்டிட் குழாயில். கை கால் நன்றாக இருக்க, இரு கண்ணிலும் வலப்பக்கம் மட்டும் ஏன் தெரியவில்லை என்று கேட்கிறீர்கள்.

வழக்கமாகப் பார்வையைக் கவனிக்கும் மூளையின் பின்பகுதிக்கு, கழுத்துப் பக்க முதுகெலும்பை ஒட்டி ஏறும் குழாய்கள்தான் ரத்தம் தரும். ஆனால் சிலருக்குக் கருவில் இருந்த அமைப்பே பிறந்த பிறகும் தங்கிவிடும். பின்பகுதித் தமனி கரோட்டிடிலிருந்தே கிளம்பும். அப்போது கரோட்டிடில் பெயர்ந்த ரத்தக்கட்டி பின்னால் போய் அடைக்கலாம். இடது பின்பகுதிதான் இரு கண்ணின் வலப்பக்கப் பார்வையையும் கவனிப்பதால், அந்தப் பக்கம் மட்டும் போகும். மாமாவுக்கும் இதுதானா என்பதை சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) படம் காட்டிவிடும், டாக்டரிடம் கேளுங்கள்.

1664-ல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் விவரித்த, மூளையின் அடியில் உள்ள தமனி வளையம், பினாங்கு ரவுண்டபவுட் மாதிரி: ஒரு வழி மூடினால் சுற்றிப் போகலாம். ஆனால் பலருக்கு வளையம் முழுதாக இருப்பதில்லை. அதனால்தான் ஒரே இடத்து அடைப்பு ஒருவரை லேசாகத் தொட்டுவிட்டு, இன்னொருவரைப் படுக்கையில் தள்ளுகிறது.

இன்னும் விசித்திரம் பெர்ஷெரோன் தமனி. சிலருக்கு இந்த ஒரே குழாய் விழிப்பில் பங்குள்ள மூளையின் உட்பகுதியான தலாமஸுக்கு, இரு பக்கமும் ரத்தம் தரும். அது அடைபட்டால் கை கால் விழாமலே ஆள் தூங்கி வழிவார். முதல் சி.டி.யும் சுத்தமாக இருக்கலாம், எம்.ஆர்.ஐ.தான் பிடிக்கும்.