ஜூம் செய்யாதீர்கள், ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: குடியாத்தம் பக்கம் வசிக்கிறேன். ஒருநாள் இரவு மொட்டை மாடியில் நின்றபோது, வடகிழக்கில் ஆரஞ்சு வெளிச்சம் ஒன்று எழும்பி, மெல்ல வலது பக்கமாகப் போய்ச் சில நிமிடங்களில் மறைந்தது. போனில் ஜூம் செய்து வீடியோ எடுத்தேன். அதில் பெரிய வட்டமாக, துடித்துக்கொண்டே இருப்பதுபோலத் தெரிகிறது. வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஒருவர் கூப்பிட்டார். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் லட்சக்கணக்கில் வாங்குவார்களாம். பதிவுக் கட்டணம் 5,000 ரூபாயும் ஒரிஜினல் வீடியோவும் கேட்கிறார். கொடுக்கலாமா? அடுத்த முறை எப்படி எடுப்பது?

பதில்: பணம் கட்டாதீர்கள். ஒரிஜினலையும் அனுப்பாதீர்கள். எந்த ஆராய்ச்சியாளரும் வானத்து வீடியோவுக்கு உங்களிடம் கட்டணம் வாங்க மாட்டார். இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று சொல்லி, நாசாவே வாங்கப்போகிறது என்று நம்பவைத்து நம் ஊர்க்காரர்களின் பணத்தைச் சுருட்டியவர்களின் அதே பேச்சு இது. முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் பரிசோதனைக் கட்டணம், அப்புறம் வரி. இன்னொன்றும் கவனியுங்கள். போனில் லொகேஷன் போட்டிருந்தால், ஒரிஜினலுக்குள் உங்கள் வீடு இருக்கும் இடமும் பதிந்திருக்கும்.

இனி, நீங்கள் பார்த்தது என்ன? தேதியும் மணியும் எழுதவில்லையே! கேலரியில் அந்த வீடியோவின் விவரத்தைத் திறந்து பாருங்கள், இரண்டும் இருக்கும். வாட்ஸ்அப்பில் போய்வந்த நகலில் இருக்காது. அந்த நேரத்தில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவினார்களா என்று பாருங்கள். வேலூரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர்தான், திசையும் வடகிழக்கு. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் பெரும்பாலும் கடல் மேலே எழுந்து தெற்கு நோக்கித் திரும்பும். நம் மாடியிலிருந்து அது வலப்பக்கம் போவதாகத்தான் தெரியும். 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்குக் கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி60 அப்படிப்பட்ட ராக்கெட்தான். நீங்கள் எழுதிய திசையும் நிறமும் நகர்வும் இதற்கு அப்படியே பொருந்துகின்றன.

வட்டமும் துடிப்பும் வானத்தில் இல்லை, உங்கள் போனில்தான். இருட்டில் கேமராவுக்கு ஃபோகஸ் பிடிபடாது. முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அப்போது ஒரு புள்ளி வெளிச்சம் வட்டமாக விரியும், சுருங்கும். ஜூம் அந்த மங்கலைத்தான் பெரிதாக்கியது. யூடியூபில் ‘பறக்கும் தட்டு’ என்று வருவதில் நிறைய இந்த வகைதான்.

அடுத்த முறை லென்ஸைத் துடைத்துவிட்டு, போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஜூம் 1-லேயே இருக்கட்டும். தூரத்துத் தெருவிளக்கு ஒன்றைத் திரையில் விரலால் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, பிரகாசத்தைக் கீழே இழுங்கள். வெள்ளையாக வெந்து தெரிந்தது தன் நிறத்தைக் காட்டும். தென்னை மரமோ தண்ணீர்த் தொட்டியோ படத்தின் ஓரத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் கறுப்பில் ஒரு புள்ளி என்றால் யாராலும் எதையும் அளக்க முடியாது. வெளிச்சத்தைத் துரத்தாதீர்கள், அதுவே திரையைக் கடக்கட்டும். மணியையும் திசையையும் வாயால் சொல்லுங்கள், வீடியோவில் பதியும். மறுநாள் பகலில் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எவ்வளவு உயரத்தில் தெரிந்தது என்று கணக்கிட எனக்கு அது போதும்.

பக்கத்தில் விளக்கு எரிந்தால் படத்தில் பச்சைப் புள்ளி வரும். போனை அசைக்கும்போது விளக்கு ஒரு பக்கமும் புள்ளி எதிர்ப்பக்கமும் போனால், அது லென்ஸுக்குள் விழுந்த பிரதிபலிப்பு.

நகரும் வெளிச்சத்துக்கு நைட் மோட் வேண்டாம். பல படங்களை ஒட்டி ஒன்றாக்கும்போது அது நகரும் பொருளைக் குழப்பிவிடும். ஆனால் ஒரு சந்தர்ப்பத்தில் நைட் மோட்தான் கைகொடுக்கும், அதை எல்லோருமே கோட்டை விடுகிறார்கள். பெரிய எரிகல் ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு போனால், சில நொடிகளில் முடிந்துவிடும். போனை எடுப்பதற்குள் போய்விட்டதே என்று பேசிக்கொண்டு நிற்காதீர்கள். சில நேரம் அது போன தடத்தில் புகைபோல மெல்லிய ஒளிக்கோடு நிற்கும், சில நிமிடங்கள் வரைகூட. மேல்காற்றில் வளைந்து நெளியும். அதை எடுங்கள். போனை அசையாமல் வைத்து, நைட் மோடில், அரை நிமிடத்துக்கு ஒன்றாக, கோடு கரையும் வரை. கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கிய பிறகும் இரண்டு மூன்று எடுங்கள், கேமராவுக்குத் தெரியும். இதேபோல் ஆம்பூரிலோ ஆற்காட்டிலோ இன்னொருவர் எடுத்திருந்தால், இரண்டையும் வைத்து அது எந்த ஊருக்கு மேலே, எவ்வளவு உயரத்தில் போனது என்று கண்டுபிடிக்கலாம்.

2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் என்று அரசே அறிவித்தது. நாசா விஞ்ஞானிகளோ தரையில் நடந்த வெடிப்புபோலத்தான் இருக்கிறது என்றார்கள். அன்று வானத்தில் எதுவும் வந்ததா என்பதற்கு உருப்படியான ஒரு படம் கிடைத்திருந்தால் அவ்வளவு குழப்பம் வந்திருக்காது.

படத்தை எங்கே கொடுப்பது என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. காவல் நிலையத்தில் சொன்னால் தாலுகா அலுவலகத்துக்குப் போ என்பார்கள், அங்கே போனால் காவல் நிலையத்தைக் கை காட்டுவார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள காவலூர் ஆய்வகம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. ஆனால் அங்குள்ளவர்களுக்கு இரவெல்லாம் வேறு வேலை, நம் வீடியோக்களைப் பார்ப்பது அவர்கள் பொறுப்பும் அல்ல. மாவட்டத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி, அதைத் திறந்து படிக்க ஓர் இயற்பியல் ஆசிரியர், அவ்வளவு போதும். அதைக்கூடச் செய்யாமல் விட்டதால்தான் புரோக்கர் போன் செய்கிறார்.

எரிகல் என்றால் சர்வதேச விண்கல் அமைப்பின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதியலாம். கல் ஏதாவது கையில் கிடைத்தால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு எழுதுங்கள், அதுவரை அதைக் கழுவாதீர்கள், உடைக்காதீர்கள். உங்கள் வீடியோவைப் பொறுத்தவரை, தேதியைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். வீடியோவை அனுப்புவதானால் லொகேஷனை நீக்கிய நகல் ஒன்றை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள். சாதாரண வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஒரிஜினல் உங்கள் போனிலேயே இருக்கட்டும்.