மாலத்தீவு: பாரைப் பற்றிக் கேளுங்கள், ரிசார்ட்டைப் பற்றி வேண்டாம்

ஒன்பது வருடம் மாலத்தீவில் டைவிங் சொல்லிக் கொடுத்தும், பவளம் எண்ணும் சர்வே ஆட்களுக்குக் கூடமாட நின்றும் பிழைத்தவன். இப்போது தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டேன். நான் ‘பார்’ என்று எழுதுவது கடலுக்கடியில் இருக்கும் பவளத்திட்டை. எங்கள் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் வாயில் அது பார்தான், பவளப்பாறை என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில். சரி, மாலத்தீவு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் ஆரம்பிக்கலாம்.

சேலத்திலிருந்து: அட்டோல் என்றால் ஒரு தீவா, தீவுக்கூட்டமா?

தீவை விடுங்கள், முதலில் பாரைப் பாருங்கள். அட்டோல் என்பது வளையமாக வளர்ந்த ஒரு பார். நடுவில் லகூன், அதாவது பார் சூழ்ந்த கடல்நீர், வளையத்தின் விளிம்பில் அங்கங்கே மணல் ஒதுங்கிக் கிடக்கும், அந்த மணல்தான் தீவு. வார்த்தையே அவர்களுடையது, திவேஹி மொழியில் ‘அதொளு’. மாலத்தீவில் இயற்கையாக அமைந்த வளையங்கள் 26 என்பார்கள், அரசாங்கக் கணக்கில் தீவுகள் 1,192.

வளையம் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். டார்வின் 1836-இல் கோகோஸ் தீவுகளைப் பார்த்துவிட்டு வந்து 1842-இல் எழுதினார்: எரிமலை மெல்லக் கடலில் அமிழ, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த பவளம் வெளிச்சத்துக்காக மேலே மேலே வளர, கடைசியில் மலை காணாமல் போய் வளையம் மட்டும் மிஞ்சியது என்று. எண்ணெய் தேடி மாலத்தீவில் துளை போட்டபோது 2 கிலோமீட்டருக்கு மேல் சுண்ணாம்பைத் தாண்டித்தான் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அதனால் அடித்தளம் விஷயத்தில் டார்வின் சொன்னது சரி. ஆனால் மாலத்தீவு வளையங்கள் அவ்வளவு எளிதல்ல, பெரிய வளையத்துக்குள் குட்டிக்குட்டி வளையங்கள் வேறு இருக்கின்றன. பனியுகங்களில் கடல் 120 மீட்டர் வரை கீழே போனபோது இந்தச் சுண்ணாம்பு மேடுகள் எல்லாம் வெயிலில் நின்று, மழையில் நடுப்பகுதி கரைந்து கிண்ணமாகியிருக்கிறது என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தீவுகளோ நேற்றுப் பிறந்த பிள்ளைகள், சில ஆயிரம் வருடம்தான் வயது.

கோவையிலிருந்து: தேனிலவுக்கு எந்த ரிசார்ட் நல்லது?

டிராவல் ஏஜென்டைக் கேளுங்கள். எங்கே போனாலும் பவளத்தின் மேல் காலை வைக்காதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: மணல் ஏன் இவ்வளவு வெள்ளை? நம் ஊர் மணல் ஏன் அப்படி இல்லை?

நல்ல கேள்வி. நம் கடற்கரை மணல் ஆறு கொண்டுவந்தது, மலையின் தூள். மாலத்தீவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. அங்கே மணல் முழுக்க உயிர்கள் விட்ட மிச்சம்: பவளத் துண்டு, சிப்பி, சுண்ணாம்பு படிந்த பாசி. அதில் பெரும்பங்கு கிளிமீனுடைய வேலை. வாய் கிளி மூக்கு மாதிரி இருக்கும், பாரைச் சுரண்டிப் பாசியைத் தின்னும், கூடவே வாய்க்குள் போன சுண்ணாம்பு தொண்டையில் உள்ள இன்னொரு பல்வரிசையில் அரைபட்டு, பின்னால் வெள்ளைப் புகையாக வெளியே வரும். தண்ணீருக்குள் மூச்சை நிதானமாக விட்டுக் காது கொடுத்தால் அந்தச் சுரண்டல் கேட்கும், பக்கத்தில் யாரோ பொட்டுக்கடலை கடிக்கிற மாதிரி. வக்காரு என்ற தீவைச் சுற்றி அளந்து 2015-இல் வெளியிட்டார்கள்: அந்தப் பாரில் உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன் போட்டது. தேனிலவு ஜோடி படுத்துப் படம் எடுக்கும் மணல் என்ன சரக்கு என்று கோவைக்காரரிடம் யாராவது சொல்லிவிடுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: 2050-இல் மாலத்தீவு மூழ்கிவிடுமாமே?

ஒரே வார்த்தையில் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நிலத்தில் 80 சதவீதம் கடல்மட்டத்திலிருந்து 1 மீட்டருக்கும் குறைவான உயரம், இயற்கையான மிக உயர்ந்த இடமே ஏறக்குறைய 2.4 மீட்டர். கடல் வருடத்துக்கு 3, 4 மில்லிமீட்டர் ஏறுகிறது. இரண்டையும் வைத்து வகுத்தல் போட்டுத் தேதி சொல்பவர்கள் தீவைக் கான்கிரீட் மேடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தீவு நகரும். நான் வேலை பார்த்த தீவின் மேற்குக் கரையில் ஓர் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். ஜனவரியில் ஊஞ்சலிலிருந்து தண்ணீருக்கு முப்பது அடி நடக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று பிடித்து ஜூலை வந்தால் அலை ஊஞ்சல் பலகையை நனைக்கும், அந்த மணல் எல்லாம் கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். புது மேனேஜர் ஒருவர் முதல் ஜூலையில் பதறிப்போய் மணல்மூட்டை அடுக்கச் சொன்னார். அடுக்கினோம். அந்த வருடம் டிசம்பரில் மணல் திரும்பி வரவில்லை, பக்கத்திலிருந்த படகுத்துறை வாயில் போய் அடைத்துக்கொண்டது.

பசிபிக்கில் 27 அட்டோல் தீவுகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு 2010-இல் பார்த்தபோது பெரும்பாலானவை அப்படியே இருந்தன அல்லது பெருத்திருந்தன, சிலதான் சுருங்கியிருந்தன, கடல் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில். காரணம், பார் உயிரோடு இருந்து மணல் போட்டுக்கொண்டிருந்தது. என் பயம் கடல் ஏறுவதைவிடத் தண்ணீர் சுடுவதில்தான். 1998-இல் வெப்பம் கூடி ஆழம் குறைந்த பார்களில் 90 சதவீதத்துக்கு மேல் பவளம் வெளுத்துச் செத்தது, தேறி வரும்போது 2016-இல் மறுபடி அடி. பார் செத்தால் மணல் வரத்து நிற்கும், அலையைத் தடுக்கவும் ஆள் இருக்காது. தீவு மூழ்குவதற்கு முன்னாலேயே குடிதண்ணீர் உப்பாகி ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

ஓசூரிலிருந்து: மாலத்தீவு எத்தனை வருடத்தில் மூழ்கும்?

விழுப்புரத்துக்குச் சொன்ன பதில்.

தஞ்சாவூரிலிருந்து: ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ மாலத்தீவுதானே?

அப்படித்தான் வரலாற்றாசிரியர்கள் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்க்காரன், கல்வெட்டுக்காரன் இல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து: அது லட்சத்தீவு. சேர நாட்டைப் பிடித்தவன் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தூரத்துக்கா போவான்?

தஞ்சாவூர் மறுபடி: லட்சத்தீவில் இருப்பதே 36. பன்னீராயிரம் எங்கே, 36 எங்கே?

மார்த்தாண்டம் மறுபடி: மாலத்தீவிலும்தான் 1,192. பத்து மடங்கு பொய் மட்டும் பரவாயில்லையா?

இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டீர்கள், சரி, நானும் இறங்குகிறேன். அந்த மெய்க்கீர்த்தியிலேயே ‘இரட்டபாடி ஏழரை இலக்கம்’ என்று இருக்கிறது. ஏழரை லட்சம் என்று அங்கே யாரும் எதையும் ஒவ்வொன்றாக எண்ணவில்லை, நாட்டின் பெயரோடு ஓர் எண்ணை ஒட்டிச் சொல்வது அந்தக் கால வழக்கம். எனவே பன்னீராயிரத்தைத் தலை எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு கழித்தல் போடுவதில் அர்த்தமில்லை. இது மார்த்தாண்டத்துக்குச் சாதகம். ஆனால் தஞ்சாவூருக்கு ஒரு துருப்புச்சீட்டு: மாலத்தீவு சுல்தான்களின் பட்டத்திலேயே ‘பன்னீராயிரம் தீவுகளுக்கு அதிபதி’ என்று உண்டு. 1602-இல் கப்பல் உடைந்து அங்கே ஐந்து வருடம் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் பைரார்டும் 13 அட்டோல், 12,000 தீவு என்றுதான் கேட்டு எழுதியிருக்கிறார், அவருக்கே அந்த எண்ணில் நம்பிக்கையில்லை, கணக்கில்லாதது என்று அர்த்தம் போலும் என்கிறார். அதே எண் இரண்டு பக்கமும் இருப்பதால் என் ஓட்டு மாலத்தீவுக்கு.

அதைவிட ஒன்று, தீவை எண்ணுவதே லேசான வேலை இல்லை. செடிகொடி இல்லாத மணல்திட்டை அங்கே ‘ஃபினொளு’ என்பார்கள். ஒரு பருவத்தில் இருக்கும், அடுத்த பருவத்தில் இருக்காது. மதியச் சாப்பாட்டுக்கு விருந்தாளிகளை இறக்கிய திட்டில் நாலு மணிக்கு முழங்கால் தண்ணீரில் நின்று படகுக்குக் கை காட்டியிருக்கிறோம். அது தீவா இல்லையா? வற்றம் பார்த்து எண்ணினால் ஒரு கணக்கு, ஏற்றம் பார்த்து எண்ணினால் வேறு.

மார்த்தாண்டம் மூன்றாம் முறை: மினிக்காய் லட்சத்தீவில்தானே இருக்கிறது, அங்கே பேசுவது மாலத்தீவு மொழி. அப்போது எல்லை எங்கே?

இது சரியான அடி. மினிக்காயில் பேசும் மஹல் திவேஹியின் கிளைதான், மற்ற லட்சத்தீவுகளில் மலையாளம் சார்ந்த ஜசரி. லட்சத்தீவும் மாலத்தீவும் ஒரே கடலடி முகட்டின் மேல் நிற்கின்றன, தெற்கே சாகோஸ் தீவுகள் வரைக்கும் அதே முகடு. ராஜராஜனின் மாலுமிக்கு இங்கே முடிந்து அங்கே தொடங்குகிறது என்று கோடு தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இதோடு கல்வெட்டை நிறுத்துவோம், பதினேழு கேள்வி காத்திருக்கிறது.

கடலூரிலிருந்து: 2004 சுனாமியில் அவ்வளவு தாழ்வான நாடு எப்படித் தப்பியது?

முழுக்கத் தப்பவில்லை, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக நூறு பேருக்கு மேல். ஆனால் அலை உங்கள் ஊரில் எழுந்த மாதிரி எழவில்லை. சுனாமி உயர்வது ஆழம் மெல்ல மெல்லக் குறையும் கரையில். அட்டோலின் வெளிச்சுவர் கிணற்றுச் சுவர் மாதிரி நேரே ஆழத்துக்கு இறங்கும், அலைக்கு ஏறி நிற்கப் படிக்கட்டு இல்லை. வந்தது பெருக்கு மாதிரி வந்து தீவின் மேல் ஓடிப் போயிற்று. தலைநகர் மாலேக்கு 1987-இல் வேறொரு அனுபவம் உண்டு: உள்ளூரில் புயல் எதுவும் இல்லாமலே தூரத்துப் பெருங்கடல் அலை வந்து ஊரை நனைத்தது. அதற்கப்புறம்தான் ஜப்பான் உதவியோடு தடுப்புச் சுவர் கட்டினார்கள்.

ஈரோட்டிலிருந்து: மாலத்தீவு மூழ்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட ஆசை, எப்போது மூழ்கும்?

ஐயா, மேலே இரண்டு தரம் இருக்கிறது.

மதுரையிலிருந்து: நீச்சல் சுமாராகத் தெரியும். ஸ்நார்க்கலிங் தனியாகப் போகலாமா?

லகூனுக்குள் போங்கள், துணையோடு. அட்டோல் வளையத்தில் இருக்கும் வாய்க்காலுக்கு அங்கே ‘கண்டு’ என்று பெயர், அந்தக் கண்டுவைக் கண்டால் பயப்படுங்கள். ஏற்றத்திலும் வற்றத்திலும் மொத்த லகூன் தண்ணீரும் அது வழியாகத்தான் போக வேண்டும், இழுத்தால் நீச்சல் சாம்பியனையும் வெளிக்கடலில் கொண்டுபோய் விடும். களைத்துப் போனால் மல்லாந்து மிதங்கள், பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். நகத்தளவு வளர அதற்கு ஒரு வருடம் ஆகும்.

பெயர் சொல்லாத ஓர் அக்கா: கரையில் கிடக்கும் செத்த பவளத்துண்டு ஒன்றை ஷோகேசுக்கு எடுத்து வரலாமா? ஒன்றே ஒன்று.

கூடாது அக்கா. விமான நிலையத்தில் பையைப் பார்ப்பார்கள், சட்டப்படி குற்றம். செத்ததுதான் நாளைக்கு மணல், அந்த ஒன்றே ஒன்றை எல்லோரும் எடுத்தால் கிளிமீன் எவ்வளவுதான் போடும்?

திருப்பூரிலிருந்து: ஆறில்லாத இடத்தில் குடிக்கத் தண்ணீர்?

மணலுக்குள் மழைநீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும், எடை குறைவு என்பதால். ஊரே உறிஞ்சினால் அது போய்விடும், மாலேயில் அப்படித்தான் ஆயிற்று. இப்போது கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். 2014 டிசம்பரில் அந்த நிலையம் தீப்பிடித்ததும் இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது.

காயல்பட்டினத்திலிருந்து: மூழ்குவது இருக்கட்டும், மாசிக்கருவாடு நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

அப்பாடா, ஊர்க் கேள்வி. மஸ் என்றால் திவேஹியில் மீன். வலை போடாமல் கம்புத் தூண்டிலில் ஒவ்வொன்றாகத் தூக்கிய சூரையை அவித்து, புகை காட்டி, வெயிலில் போட்டு எடுப்பதுதான் மாசி. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள், விறகுக்கட்டை மாதிரி சத்தம் வர வேண்டும். பொத்தென்று கேட்டால் ஈரம் நிற்கிறது, எடைக்குத்தான் காசு கொடுப்பீர்கள். உடைத்த வாயில் கருஞ்சிவப்பாக மினுங்கினால் பேசாமல் வாங்கிவிடுங்கள்.