கற்பித்தலை ஆராய்தல்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் கோண்டாவிலைச் சேர்ந்தவள். இரசாயனப் பொறியியலில் பட்டம் பெற்று, தற்போது தெற்கிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் தகுதிகாண் விரிவுரையாளராக இருக்கிறேன். கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு செல்லவேண்டிய காலம் இது. வினையூக்கிகளைப் பற்றியோ நீர்ச் சுத்திகரிப்பைப் பற்றியோ ஆராய்வதைவிட, மாணவர்கள் இரசாயனப் பொறியியலை எவ்வாறு கற்கிறார்கள், எங்கே இடறுகிறார்கள் என்பதை ஆராயவே விரும்புகிறேன். இதைச் சொன்னபோது மூத்த விரிவுரையாளர் ஒருவர், "ஆராய்ச்சி கைவராதவர்கள் போகும் வழி அது" என்றார். அம்மாவோ, "படிப்பிக்கிறதுக்கு இவ்வளவு படிப்பு ஏன்?" என்று கேட்கிறார். எழுத்துக்கு வருமுன் நீங்கள் இத்துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்: இப்படியொரு துறையும், அதை நம்பி வாழ ஒரு தொழிலும் உண்டா?

அன்புடன்,
கோண்டாவில் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உண்டு. உங்கள் மூத்தவர் அறியாதது ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்: இரசாயனப் பொறியியல் என்ற துறை பிறந்ததே 'இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது' என்ற கேள்வியிலிருந்துதான். 1887 இல் மான்செஸ்ரர் தொழில்நுட்பக் கல்லூரியில் பன்னிரண்டு விரிவுரைகளை நிகழ்த்திய ஜோர்ஜ் டேவிஸ் பேராசிரியர் அல்லர். சோடா ஆலைகள் கக்கிய அமில வாயுவைக் கட்டுப்படுத்த வந்த சட்டத்தின் கீழ், ஆலை ஆலையாக ஏறி இறங்கிய பரிசோதகர். சோடாவுக்கு ஒரு பாடம், சாயத்துக்கு ஒரு பாடம் என்று பிரிக்காமல், எந்த ஆலையிலும் திரும்பத் திரும்ப நடப்பவை ஆவியாக்கல், காய்ச்சி வடித்தல், வடிகட்டல், நொறுக்கல் போன்ற சில செயல்களே என்று அவர் வகுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் லூயிஸ் நோட்டன் இதற்கென நான்காண்டுப் பாடநெறி ஒன்றை ஆரம்பித்தார். 1915 இல் ஆதர் லிற்றில் அச்செயல்களுக்கு 'அலகுச் செயற்பாடுகள்' என்று பெயரிட்டார். இவர்கள் புதிய சேர்வை எதையும் கண்டுபிடித்ததற்காக நினைவுகூரப்படுவதில்லை. எதை எந்த ஒழுங்கில் படிப்பிப்பது என்று தீர்மானித்ததற்காகவே நினைவுகூரப்படுகிறார்கள்.

டேவிஸின் சோடா நமக்கு அந்நியமானதன்று. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தனில் எரிசோடாவும் குளோரீனும் செய்த தொழிற்சாலை, போர் அதை நிறுத்தும்வரை, எங்கள் தலைமுறைக்குக் கண்முன் நின்ற பாடநூல். 117 கிலோ உப்பும் 36 கிலோ நீரும் மின்பகுப்பில் 80 கிலோ எரிசோடாவும் 71 கிலோ குளோரீனும் 2 கிலோ ஐதரசனும் ஆகும். கூட்டினால் இருபுறமும் 153. உயர்தரம் படித்த எந்தப் பிள்ளையும் இதைச் செய்துவிடும். ஆனால் உண்மையான ஆலையில் உப்போடு மக்னீசியமும் கல்சியமும் சேர்ந்து வருகின்றன. மின்பகுப்பில் முழுதும் பயன்படாத உப்புக் கரைசலில் மீண்டும் உப்பைக் கரைத்து, அதையே திரும்பச் செலுத்துகிறார்கள். நான் செய்முறை வகுப்பு நடத்திய நாட்களில், "கழிவாக ஒரு துளியும் வெளியேற்றாமல், சுத்திகரிக்கவும் செய்யாமல், இப்படியே ஒரு மாதம் சுழற்றினால் என்னவாகும்?" என்று கேட்டேன். வகுப்பு மௌனமாக இருந்தது. கடைசியில் ஒரு மாணவர், "எல்லாம் சமநிலைக்கு வந்துவிடும், சேர்" என்றார். உப்பு விளைந்த பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரை உப்பளத் தொழிலாளர் ஏன் வெளியே விடுகிறார்கள் என்று அன்று நான் கேட்டிருந்தால், விடை அவர்கள் வாயிலிருந்தே வந்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. வெளியேற வழியில்லாத மக்னீசியமும் கல்சியமும் கரைசலில் சேர்ந்துகொண்டே போகும் என்ற விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

முதற் கணக்கைப் பிழையின்றிச் செய்தவர் இரண்டாவதில் ஏன் வாயடைத்துப் போனார்? இதுதான் நீங்கள் போகவிரும்பும் துறை. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் வூட்ஸ் என்ற இரசாயனப் பொறியியற் பேராசிரியர் இதை அறிவதற்காக முதலாமாண்டு மாணவர்களோடு தாமும் வகுப்பில் போய் அமர்ந்தார். பேராசிரியர் ஒருவர் மாணவர் வாங்கில் அமர்வது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய காரியம் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சார்ட் பெல்டர் 1990 இலிருந்து ஒரே மாணவர் அணிக்கு அடுத்தடுத்த ஐந்து அரையாண்டுகளில் ஐந்து பாடங்களைத் தாமே கற்பித்து, குழுவாக இயங்கவைத்து, வழமையான முறையில் கற்ற அணியோடு ஒப்பிட்டார். ஆராய்ச்சி கைவராதவர் செய்யும் வேலை அன்று அது.

ஆனால் இத்துறையில் வழுக்கும் இடங்களும் உண்டு. அதற்கும் பெல்டரே உதாரணம். உளவியலாளர் ஒருவரோடு சேர்ந்து 1988 இல் அவர் எழுதிய கற்றற் பாணிகள் பற்றிய கட்டுரை உலகெங்கும் பரவியது. படத்தால் கற்பவர், சொல்லால் கற்பவர் என்று மாணவரை வகைப்படுத்தும் வினாக்கொத்துகளை இன்றும் பயிற்சிப் பட்டறைகளில் நிரப்பவைக்கிறார்கள். 2002 இல் பெல்டர் தாமே அந்தக் கட்டுரைக்கு முன்னுரை எழுதி ஒரு பிரிவை அகற்றினார், இன்னொன்றைத் திருத்தினார். 2008 இல் உளவியலாளர் நால்வர் சான்றுகளை ஆராய்ந்து, மாணவரின் பாணிக்கேற்பக் கற்பித்தால் அவர் கூடுதலாகக் கற்பார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையென்று எழுதினார்கள். மாறாக, 2014 இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அறிக்கை, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 வீதமானோரும், மாணவரை வகுப்பிலேயே செய்யவைத்தவற்றில் 21.8 வீதமானோரும் சித்தியடையவில்லை என்று காட்டியது. தாக்கக் கலத்தின் வெப்பநிலையை அளக்கும்போது காட்டும் கண்டிப்பை வகுப்பறையை அளக்கும்போதும் காட்டாவிட்டால், உங்கள் மூத்தவர் சொன்னது உங்கள் விடயத்தில் உண்மையாகிவிடும்.

தொழில் வாய்ப்பைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பேர்டியூவும் வேர்ஜீனியா ரெக்கும் 2004 இல் பொறியியற் கல்விக்கெனத் தனித் துறைகளை அமைத்தன. பொறியியற் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் முழு அங்கத்துவம் பெற்றது. அதன்பின், மாணவருக்கு என்ன படிப்பித்தோம் என்பதோடு, பட்டம் பெறுபவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பதையும் பாடநெறிகள் காட்டவேண்டியிருக்கிறது. அதைக் காட்டும் படிவங்களை விளங்கி நிரப்பக்கூடிய ஒருவர் எந்தத் துறைக்கும் தேவை. ஆயினும், நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் கதிரை இரசாயனப் பொறியியல் துறையிலேதான் இருக்கும். திணிவுக் கடத்தலையோ தாக்கக் கலங்களையோ படிப்பிக்கச் சொல்வார்கள். வூட்ஸும் பெல்டரும் துறைக்குள் வேரூன்றிய பின்பே கல்வி ஆய்வுக்குத் திரும்பினார்கள் என்பதையும் மறவாதீர்கள். ஆகவே, இரசாயனப் பொறியியல் துறைக்குள்ளேயே இருந்துகொண்டு கல்வியை ஆராயும் மேற்பார்வையாளர் கிடைத்தால் அவரையே தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால், கல்வித் துறைக்குப் போனாலும் இரசாயனப் பொறியியற் பாடம் ஒன்றைக் கைவிடாதீர்கள். இது என் அபிப்பிராயம். இதற்கு மாறாகச் சொல்பவர்களும் இருப்பார்கள்.

ஆய்வுப் பொருளைத் தேடி நீங்கள் அதிக தூரம் போகத் தேவையில்லை. நமது பிள்ளைகள் உயர்தரம்வரை மூல், திணிவு, வெப்பவுள்ளுறை என்று தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஒரே மாதத்துக்குள் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். ஆலைக்குள் வரும் பொருள், வெளியேறும் பொருள், உள்ளே தங்கும் பொருள் ஆகியவற்றைக் கணக்குப் பார்ப்பதைக் குறிக்கும் 'மெற்றீரியல் பலன்ஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள 'பலன்ஸ்' கணக்குப்பிள்ளையின் சொல். வந்தது, போனது, இருப்பு என்று பதியும் வர்த்தகப் பிரிவு மாணவருக்கு அது உடனே பிடிபடும். விஞ்ஞானப் பிரிவில் வந்தவர் அதைச் 'சமநிலை' என்று மனதுக்குள் மொழிபெயர்க்கிறார். நேரத்தோடு மாறாத உறுதிநிலையையும் அதே சொல்லுக்குள் போடுகிறார். முன்தாக்கமும் பின்தாக்கமும் ஒரே வேகத்தில் நடக்கும் தாக்கச் சமநிலை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. மூன்று வெவ்வேறு கருத்துகள் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிடுகின்றன. அன்று எனக்குப் பதில் சொன்ன அந்த மாணவருக்கு விடயம் விளங்கவில்லை என்று இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். உங்கள் கடிதத்தை வாசித்தபின், அவர் எந்தச் சமநிலையைச் சொன்னார் என்று கேட்காமல் விட்டேனே என்று தோன்றுகிறது.

இது மொழியின் இடறலா, கருத்தின் இடறலா என்று பிரித்தறிவது எளிதன்று. ஒரே கணக்கை இரு மொழிகளிலும் கொடுத்து, மாணவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அதைச் செய்யவைத்துப் பதிவு செய்யவேண்டும். விண்ணப்பம் எழுதுமுன் உங்கள் பழைய வகுப்பில் ஐந்தாறு பேரிடம், அவர்கள் சம்மதத்தோடு, உப்புக் கரைசல் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.